இரும்புச்சத்து மாத்திரை போட்டும் ரத்தம் ஊறலையா? காபித் தோட்டத்து ஊர்களில் கவனிக்க வேண்டியது என்ன?

"மாத்திரை ஒழுங்கா போடறியாம்மா?"

"போட்டுக்கிட்டுதாங்க சிஸ்டர் இருக்கேன்."

"அப்புறம் ஏன் இன்னும் ஒன்பதுலயே நிக்குது?"

கர்ப்பிணிகளுக்கு ரத்தப் பரிசோதனை நடக்கும் எந்த ஊரிலும் கேட்கக்கூடிய பேச்சு இது. சேலம் மாவட்டம், ஏற்காடு ஒன்றியத்தில் உள்ள வாழவந்தி போன்ற மலைக்கிராமங்களில் இந்தக் கேள்விக்கு எடை இன்னும் அதிகம். பிரசவத்தில் ரத்தப்போக்கு ஏற்பட்டால், பெரிய ஆஸ்பத்திரிக்கு மலை இறங்கி சேலம் போக வேண்டும். ஹீமோகுளோபின் 12 இருக்கும் பெண் தாங்கிக்கொள்ளும் ரத்த இழப்பு, 7 இருக்கும் பெண்ணின் உயிருக்கே ஆபத்தாகிவிடலாம். வழியில் கழியும் ஒவ்வொரு நிமிடமும் அந்த ஆபத்தைக் கூட்டும்.

மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. பலர் சாப்பிடவும் செய்கிறார்கள். ஆனாலும் சிலருக்கு ரிப்போர்ட்டில் எண் நகர மறுப்பது ஏன்? ஒரு சத்து மாத்திரை வயிற்றுக்குள் போன பிறகு ரத்தத்தில் என்னதான் நடக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

எத்தனை பேருக்கு இந்தப் பிரச்னை?

2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய ஆய்வில் இது 55 சதவீதம். கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட இரண்டில் ஒருவர்.

கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. 7-க்குக் கீழே போனால் அது கடுமையான நிலை.

மத்திய அரசின் 'ரத்தசோகை இல்லா பாரதம்' திட்டம் 2018-ல் தொடங்கியது. இதன்படி கர்ப்பிணிகளுக்கு நான்காவது மாதத்தில் இருந்து தினமும் ஒரு சிவப்பு மாத்திரை, 180 நாட்களுக்குத் தர வேண்டும். குழந்தை பிறந்த பிறகும் 180 நாட்கள் தொடர வேண்டும். அந்த ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும், 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். பள்ளிக்கூடத்தில் வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒருமுறை தரும் நீல மாத்திரையிலும் இதே அளவுதான்.

60 மில்லிகிராம் போட்டால் 60-ம் ரத்தத்தில் சேருமா?

சேராது. இதுதான் முதலில் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

குடலில் இருந்து எவ்வளவு இரும்பை உள்ளே விடலாம் என்பதை உடம்பே முடிவு செய்கிறது. அந்த வேலையைச் செய்வது கல்லீரல் சுரக்கும் 'ஹெப்சிடின்' என்ற ஹார்மோன். இதைக் கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் மாதிரி நினைத்துக்கொள்ளலாம். உடம்பில் இரும்பு குறைவாக இருந்தால் ஹெப்சிடின் குறையும், கேட் திறக்கும். இரும்பு போதுமான அளவு இருந்தால் ஹெப்சிடின் கூடும், கேட் மூடும். இரும்பு அளவுக்கு மீறிச் சேர்ந்தால் அதை வெளியேற்றத் தனி வழி உடம்பில் இல்லை. அதனால்தான் வாசலிலேயே இவ்வளவு கட்டுப்பாடு.

ஒரு பெரிய டோஸ் போட்டவுடனும் இந்த ஹெப்சிடின் கூடுகிறது. சுமார் 24 மணி நேரம் கேட் பாதி மூடியே இருக்கும். சுவிட்சர்லாந்தின் சூரிச் நகர ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், இரும்புச்சத்து குறைந்த பெண்கள் தினமும் மாத்திரை எடுத்தபோது, கொடுத்த இரும்பில் 16.3 சதவீதம் உடம்பில் சேர்ந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தவர்களுக்கு 21.8 சதவீதம் சேர்ந்தது.

அப்போ நாமும் ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா? கர்ப்பிணிகள் தாங்களாக மாற்றக் கூடாது. கர்ப்ப காலத்தில் தேவை அதிகம். அரசு வழிகாட்டுதல் தினமும் ஒன்று என்றுதான் சொல்கிறது. டாக்டர் சொன்னால் மட்டுமே மாற்ற வேண்டும்.

போட்ட மாத்திரை ரிப்போர்ட்டில் எப்போது தெரியும்?

'ரத்தத்தில் இரும்பு' என்பது ஒரே எண் இல்லை. பல எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் மாறும்.

- சீரம் இரும்பு: மாத்திரை போட்ட சில மணி நேரத்திலேயே ஏறி, பிறகு இறங்கிவிடும். காலையில் மாத்திரை போட்டுவிட்டு பத்து மணிக்கு ரத்தம் கொடுத்தால் இந்த எண் நன்றாக இருப்பது போலக் காட்டும். அதை நம்பி சத்து கூடிவிட்டதாக நினைத்தால் ஏமாற்றம்தான்.
- புது சிவப்பணுக்கள்: ரெட்டிகுலோசைட் என்று சொல்லப்படும் இளம் அணுக்கள் 5 முதல் 10 நாட்களில் கூடத் தொடங்கும். மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கான முதல் அறிகுறி இதுதான்.
- ஹீமோகுளோபின்: நிதானமாக ஏறும். சரியாகச் சாப்பிட்டால் ஒரு மாதத்தில் குறைந்தது 1 கிராம் ஏற வேண்டும் என்பது பொதுவான அளவுகோல்.
- ஃபெரிட்டின்: உடம்பின் இரும்பு சேமிப்புக் கணக்கு. இது நிரம்ப, ஹீமோகுளோபின் சரியான பிறகும் சுமார் 3 மாதங்கள் ஆகலாம்.

இதில்தான் நிறைய பேர் தவறு செய்கிறார்கள். எண் 11-ஐத் தொட்டதும் "சரியாயிடுச்சு" என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். கைச்செலவுக்குப் பணம் வந்துவிட்டது, ஆனால் சேமிப்பு காலியாகவே இருக்கிறது. பிரசவத்திலோ, அடுத்தடுத்த மாதவிடாயிலோ ரத்தம் போனதும் எண் மறுபடி சரிந்துவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. கர்ப்ப காலத்தில் ரத்தத்தில் உள்ள திரவப் பகுதி 40 முதல் 50 சதவீதம் வரை கூடும். சிவப்பணுக்கள் அந்த அளவுக்குக் கூடாது. குழம்பில் தண்ணீர் சேர்த்த மாதிரி ரத்தம் கொஞ்சம் நீர்த்துப்போகும். அதனால் ஒழுங்காக மாத்திரை போடும் பெண்ணுக்கும் நடு மாதங்களில் எண் சற்று இறங்கலாம். மாத்திரை வேலை செய்யவில்லை என்று நினைத்து நிறுத்தினால் நிலைமை மோசமாகும்.

காபிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய சம்பந்தம் இருக்கிறது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் சேர்வராயன் மலைக்கு வந்தது காபிச் செடி. இன்று மலையின் முக்கியப் பயிரே அதுதான். தோட்டத்து வேலைக்குப் போகும் முன் ஒரு டம்ளர், வேலை இடைவேளையில் ஒரு டம்ளர் என்பது இங்கே சகஜம்.

காபியிலும் டீயிலும் உள்ள பாலிஃபீனால் என்ற பொருட்கள் குடலில் இரும்பைப் பிடித்துக்கொள்கின்றன. பிடிபட்ட இரும்பு ரத்தத்துக்குள் போகாமல் மலத்தோடு வெளியேறிவிடும்.

எவ்வளவு இழப்பு? 1983-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், சாப்பாட்டோடு ஒரு கப் காபி குடித்தபோது இரும்பு உறிஞ்சப்படுவது 39 சதவீதம் குறைந்தது. டீ குடித்தபோது 64 சதவீதம் குறைந்தது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு காபி குடித்தால் பாதிப்பு இல்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால், கூடவே குடித்த அளவுக்கு இழப்பு இருந்தது.

மாத்திரைக்கும் இதே கதைதான். சூரிச் ஆய்வாளர்கள் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், இரும்பு மாத்திரையைத் தண்ணீருக்குப் பதில் காபியோடு எடுத்தபோது உறிஞ்சப்படுவது 54 சதவீதம் குறைந்தது. காலை உணவும் காபியும் சேர்ந்தபோது 66 சதவீதம் குறைந்தது. 80 மில்லிகிராம் வைட்டமின் சி-யோடு எடுத்தபோது 30 சதவீதம் கூடியது. வைட்டமின் சி-யை 500 மில்லிகிராமாக உயர்த்தியும் கூடுதல் பலன் இல்லை.

அதாவது ஒரே மாத்திரைதான். காலையில் இட்லி, காபியோடு விழுங்கினால் மூன்றில் இரண்டு பங்கு பலன் போய்விடுகிறது. நம் வீட்டுக் காபியில் பாலும் இருக்கிறது. பாலில் உள்ள கால்சியமும் இரும்பைத் தடுக்கும்.

காபியையே விட வேண்டும் என்று அர்த்தமில்லை. நேரத்தை மாற்றினால் போதும். மாத்திரைக்கும் காபிக்கும் இடையே குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி இருக்கட்டும். வைட்டமின் சி-க்கு விலை உயர்ந்த மாத்திரை தேவையில்லை. ஒரு நெல்லிக்காய், ஒரு கொய்யா, எலுமிச்சை ஜூஸ், மலையில் விளையும் ஆரஞ்சு, இவையே போதும்.

இரண்டு மாத்திரையையும் சேர்த்து விழுங்கலாமா?

கூடாது. கர்ப்பிணிகளுக்கு இரும்பு மாத்திரையோடு கால்சியம் மாத்திரையும் தருகிறார்கள். "ஒரே வேலையா முடிச்சிடலாம்" என்று இரண்டையும் ஒன்றாகப் போடுபவர்கள் ஏராளம். இரண்டும் குடலில் போட்டி போடும், நஷ்டம் இரும்புக்கு. கால்சியம் மாத்திரையைச் சாப்பாட்டோடு எடுக்கலாம். இரும்பு மாத்திரையைச் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கலாம். ராத்திரி படுக்கும் முன் போடுவது பலருக்கு வசதி. குமட்டலும் அவ்வளவாகத் தெரியாது.

மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து மாத்திரையை வீசிவிடுபவர்களும் உண்டு. உறிஞ்சப்படாத இரும்பு வெளியேறுவதால் வரும் நிறம் அது. இரும்பு மாத்திரை போட்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்ற பேச்சுக்கு எந்த அடிப்படையும் இல்லை.

எல்லாம் சரியாகச் செய்தும் எண் ஏறவில்லை என்றால்?

ஒரு மாதம் ஒழுங்காகப் போட்டும் 1 கிராம்கூட ஏறவில்லை என்றால், மாத்திரையை இரண்டு மடங்காக்குவதற்கு முன் காரணத்தைத் தேட வேண்டும். அதனால்தான் அப்படிப்பட்டவர்களை டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்கிறது அரசு வழிகாட்டுதல்.

முதல் சந்தேகம் கொக்கிப்புழு. ஈரமண்ணில் வெறுங்காலோடு நடக்கும்போது தோல் வழியாக உள்ளே போகும் புழு இது. குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். மேலே எவ்வளவு ஊற்றினாலும் கீழே ஓட்டை இருந்தால் குடம் நிறையாது. அதனால்தான் கர்ப்பிணிகளுக்கு முதல் மூன்று மாதங்கள் முடிந்த பிறகு அல்பெண்டசோல் மாத்திரை ஒன்று தரப்படுகிறது. தோட்ட வேலைக்கு செருப்பு போட்டுப் போவதும் ரத்தசோகைத் தடுப்புதான்.

இரண்டாவது, உடம்பில் தொற்றோ அழற்சியோ இருப்பது. அப்போது ஹெப்சிடின் கூடும், கேட் மூடிக்கொள்ளும். ஃபெரிட்டின் எண் மட்டும் பொய்யாக உயர்ந்து, சேமிப்பு நிறைய இருப்பது போலக் காட்டும்.

மூன்றாவது, தலசீமியா, சிக்கிள் செல் போன்ற பரம்பரை ரத்தக் குறைபாடுகள். பழங்குடி மக்களிடையே சிக்கிள் செல் நோயைக் கண்டறிய 2023-ல் தேசிய அளவில் தனித் திட்டமே தொடங்கப்பட்டது. இந்தக் குறைபாடுகளை இரும்பு மாத்திரை சரிசெய்யாது.

நான்காவது, குறைவது இரும்பே இல்லாமல் வேறு சத்தாக இருப்பது. இதற்குப் பின்னால் தமிழ்நாட்டு மலை ஒன்றின் கதையும் இருக்கிறது.

குன்னூருக்கு வந்த ஆங்கிலேயப் பெண் டாக்டர்

1928-ல் லூசி வில்ஸ் என்ற பெண் மருத்துவர் இங்கிலாந்தில் இருந்து பம்பாய் வந்தார். துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகளுக்கு வந்த ஒரு விநோத ரத்தசோகையை ஆராய்வதுதான் அவர் வேலை. அந்த நோயில் சிவப்பணுக்கள் சிறுக்காமல், அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தன. 1929-ல் ஆய்வுக்காக நீலகிரியின் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் பணியாற்றினார். 1931-ல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் பணிபுரிந்தார். இன்றைய கஸ்தூர்பா காந்தி அரசு மருத்துவமனை அதுதான்.

மார்மைட் என்ற ஈஸ்ட் சாறு கொடுத்தபோது நோயாளிகள் குணமானார்கள். அதில் இருந்த மர்மப் பொருள் 'வில்ஸ் ஃபேக்டர்' என்று அழைக்கப்பட்டது. அதுதான் ஃபோலிக் அமிலம் என்பது பிற்பாடு தெரிந்தது. இன்று சிவப்பு மாத்திரைக்குள் இருக்கும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தின் தொடக்கக் கதை இது.

இதே மாதிரி அணுக்கள் பெரிதாகும் ரத்தசோகை, வைட்டமின் பி12 குறைந்தாலும் வரும். பி12 இயற்கையாகக் கிடைப்பது பால், முட்டை, மீன், இறைச்சியில் மட்டுமே. அங்கே ஒரு ஆபத்து உண்டு. பி12 குறைபாடு இருப்பவருக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் ரத்த எண்ணிக்கை சரியாகலாம். ஆனால் நரம்புப் பாதிப்பு உள்ளுக்குள் தொடரும். கை கால் மரத்துப்போவது, எரிச்சல், நடையில் தடுமாற்றம் இருந்தால் ஹீமோகுளோபின் நன்றாக இருந்தாலும் பி12 பார்க்கச் சொல்லிக் கேட்பது நல்லது. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் நீண்ட நாள் எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

மலையில் 11 என்றால் சமவெளியில் எவ்வளவு?

இது மலையில் இருப்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டிய கணக்கு. உயரம் கூடக் கூட காற்றில் ஆக்சிஜன் அழுத்தம் குறையும். அதை ஈடுகட்ட உடம்பு ஹீமோகுளோபினைக் கொஞ்சம் கூடுதலாகத் தயாரிக்கும். அதனால் மலையில் வசிப்பவரின் எண்ணைச் சமவெளி அளவுகோலோடு அப்படியே ஒப்பிட முடியாது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதலின்படி, 1,000 முதல் 1,499 மீட்டர் உயரத்தில் வசிப்பவர்களின் எண்ணில் 0.8 கிராமைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும். 500 முதல் 999 மீட்டர் என்றால் 0.4 கிராம். சேர்வராயன் மலையில் ஊருக்கு ஊர் உயரம் மாறும். உதாரணமாக 1,200 மீட்டர் உயரத்தில் வசிக்கும் கர்ப்பிணிக்கு 11.4 என்று வந்தால், கணக்கின்படி அது 10.6 தான். ரிப்போர்ட் 'நார்மல்' என்று சொல்லும். உடம்பில் ரத்தசோகை இருக்கும்.

பரிசோதனை செய்யும் விதத்திலும் எண் மாறும். விரல் நுனியில் குத்தி, ரத்தம் வராமல் அழுத்திப் பிழிந்தால் திசுநீர் கலந்து எண் தவறாக வரலாம். சந்தேகம் இருந்தால் நரம்பில் எடுத்த ரத்தத்தில் மறுபடி பார்க்கச் சொல்லலாம்.

மற்ற வைட்டமின் மாத்திரைகள் எப்படி?

ஒவ்வொன்றின் நடத்தையும் வேறு.

- வைட்டமின் சி: தினமும் 200 முதல் 400 மில்லிகிராமைத் தாண்டினால் ரத்த அளவு பெரிதாகக் கூடாது. மிச்சம் சிறுநீரில் போய்விடும்.
- வைட்டமின் பி12: வாய்வழி ஒரு டோஸில் வழக்கமான பாதையில் சேர்வது 2 மைக்ரோகிராம் அளவுதான். அதற்கு மேல் உள்ளதில் சுமார் 1 சதவீதம் மட்டும் தானாகக் கசிந்து சேரும். அதனால்தான் மாத்திரையில் 500, 1,000 மைக்ரோகிராம் என்று பெரிய அளவில் வைக்கிறார்கள்.
- வைட்டமின் டி: மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கும். அளவு நிலைபெற சுமார் 3 மாதங்கள் ஆகும். வாரம் ஒருமுறை போட வேண்டிய 60,000 யூனிட் பாக்கெட்டைத் தினமும் சாப்பிட்டால், ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகம் பாதிக்கப்படலாம்.
- வைட்டமின் ஏ: கல்லீரல் இதைச் சேமித்து, ரத்த அளவைச் சீராக வைக்கும். சேமிப்பு நன்றாகக் குறைந்த பிறகே ரத்தத்தில் தெரியும். ரத்தப் பரிசோதனை காட்டும் முன்பே பாதிப்பு தொடங்கலாம். 1990-ல் வெளியான திருச்சி மாவட்ட ஆய்வில், சுமார் 15,000 குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு வாரம் ஒருமுறை சிறிய அளவில் வைட்டமின் ஏ கொடுத்தார்கள். அவர்களிடம் இறப்பு 54 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் கர்ப்பிணிகள் இதை டாக்டர் சொல்லாமல் எடுக்கக் கூடாது. அளவு மீறினால் கருவைப் பாதிக்கும்.
- பயோட்டின்: முடி கொட்டுவதற்காகப் பலர் எடுப்பது. தைராய்டு, மாரடைப்பு பரிசோதனை முடிவுகளையே தவறாகக் காட்டலாம் என்று அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-ல் எச்சரித்தது. டெஸ்டுக்கு முன் லேபில் சொல்லிவிடுவது அவசியம்.

சுருக்கமாக, என்ன செய்ய வேண்டும்?

- இரும்பு மாத்திரையைத் தண்ணீர் அல்லது எலுமிச்சை ஜூஸோடு போடுங்கள். காபி, டீ, பாலோடு வேண்டாம்.
- மாத்திரைக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் காபி, டீ, கால்சியம் மாத்திரை வேண்டாம்.
- ஒரு மாதம் கழித்து எண்ணைப் பாருங்கள். 1 கிராம் ஏறவில்லை என்றால் காரணம் கேளுங்கள்.
- எண் சரியானதும் நிறுத்தாதீர்கள். சொன்ன நாள் கணக்கை முடியுங்கள்.
- சீரம் இரும்பு பார்க்கப் போகும் நாளில், மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.
- மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டாலோ, பிரசவ நாள் நெருங்கியும் எண் குறைவாக இருந்தாலோ, ஊசி வழியாக இரும்பு ஏற்றும் சிகிச்சை உண்டு. டாக்டரிடம் கேளுங்கள்.
- மாத்திரைகளைக் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சிறு குழந்தை பல இரும்பு மாத்திரைகளை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

"மாத்திரை போட்டியா?" என்று கேட்கும்போது, "எப்போ போட்ட, எதோட போட்ட?" என்றும் வீட்டில் இருப்பவர்கள் சேர்த்துக் கேட்கலாம். மாமியாரோ, கணவரோ, பக்கத்து வீட்டு அக்காவோ, யார் கேட்டாலும் சரி. காலைக் காபியோடு போன மாத்திரையை ராத்திரிக்கு மாற்ற ஒரு பைசா செலவில்லை. மலை இறங்கும் அவசர நாள் ஒன்று வந்தால், உடம்பில் மிச்சம் இருக்கும் ரத்தம்தான் அந்தப் பெண்ணைக் காப்பாற்றும்.